குடியும் கூத்தும் மட்டுமா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சிங்கப்பூரில் நம் இளையர்களின் இரவு வாழ்க்கையைப் பற்றி அண்மையில் வாசகர் பக்கத்தில் ஒருவர் எழுதியிருந்தார். நடன விடுதி என்றாலே குடியும் கூத்தும்தான், தமிழ்ப் பிள்ளைகளுக்கு அங்கே என்ன வேலை, பாட்டு கேட்க ஆசையென்றால் தேசிய விளையாட்டரங்கில் உலகப் புகழ் பெற்றவர்கள் எல்லாம் வந்து பாடுகிறார்களே என்று கேட்டிருந்தார். அக்கறையோடுதான் எழுதியிருக்கிறார், அதனால் நான் சண்டைக்கு வரவில்லை. ஆனால் போட் கீ பக்கம் ஒரு கடைவீட்டின் மேல்மாடியில் சில ஆண்டுகள் வாராவாரம் செவ்வாய்க்கிழமை இரவு டெக்னோ, ஹவுஸ் என்ற மின்னணு நடன இசை நிகழ்ச்சி நடத்தியவன் என்ற முறையில் எனக்கும் சொல்ல இருக்கிறது. ஐம்பதை நெருங்கும் வயதில் இதையெல்லாம் பத்திரிகைக்கு எழுதுவதைப் பார்த்தால் வீட்டில் சிரிப்பார்கள், பரவாயில்லை.

அது எந்த மாதிரி இடம் என்று முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் என் சொந்தக்காரர்களே இன்று வரை தப்பாகத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். மேடையில் பெண்கள் வரிசையாக நிற்க, கீழே இருந்து ஆண்கள் மாலை வாங்கிப் போடுவார்களே, அந்த மாதிரி இடம் கிடையாது. ஸூக் என்ற பெரிய நடன விடுதி போல ஆயிரக்கணக்கில் ஆள் திரளும் இடமும் கிடையாது. குறுகலான மரப்படி ஏறிப் போனால் ஒரு நீள அறை, ஓர் ஓரத்தில் பார், மறு ஓரத்தில் ஒரு மேசை, அதன்மேல் இசைத்தட்டைச் சுழற்றும் இரண்டு டெக்னிக்ஸ் டர்ன்டேபிள், நடுவில் இரண்டின் ஒலியையும் கலக்கும் மிக்சர், அவ்வளவுதான். வானொலியில் வராத இசைத்தட்டுகளை டிஜே ஒருவர் ஒன்றோடு ஒன்று கோத்து இரண்டு மணி நேரம் இடைவெளி விடாமல் ஓட்டுவார், அவர் இறங்கியதும் அடுத்தவர் ஏறுவார். ஐம்பது பேர் வந்தால் அன்று நல்ல கூட்டம்.

ஏன் செவ்வாய் என்று பலர் கேட்பார்கள். அது 2008, எஃப்1 இரவுப் பந்தயம் முதன்முதலாக இங்கே வந்த சமயம். வெள்ளி, சனியில் எங்களைப் போன்றவர்களுக்கு யாரும் இடம் தரமாட்டார்கள். புதன்கிழமை என்றால் ஜியாக் கிம் ஸ்திரீட்டில் ஸூக்கின் மாம்போ ஜாம்போ, எண்பதுகளின் பாட்டுக்கு எல்லாரும் ஒரே மாதிரி கையசைத்து ஆடுவார்கள், பாதி ஊர் அங்கேதான் நிற்கும். மிச்சமிருந்தது திங்களும் செவ்வாயும். விடுதி முதலாளி ஒரு சீனர், நல்ல மனிதர், ஆனால் கணக்கில் கறார்: பார் வருமானம் அவருக்கு, வாசலில் வசூலாகும் காசு எங்களுக்கு, விற்பனை ஓர் அளவைத் தாண்டினால் அதிலும் கொஞ்சம் பங்கு. "செவ்வாய் வெறுவாய்டா, வேற நாளே கிடைக்கலையா உனக்கு" என்று அம்மா முனகினார்.

அந்த வெறுவாய்தான் எங்களுக்கு வசதியாகப் போனது. வார இறுதி முழுக்க உழைக்கிற சமையல்காரர்கள், ஓட்டல் ஊழியர்கள், முடிதிருத்தும் கடைப் பிள்ளைகள், மற்ற மதுக்கூடங்களில் வேலை செய்கிறவர்கள், இவர்களுக்கெல்லாம் ஓய்வு நாள் திங்களோ செவ்வாயோதான். ஊரே தூங்கும்போது விழித்திருப்பவர்கள், ஆடத் தெரிந்தவர்கள், அலட்டல் இல்லாதவர்கள். அப்புறம் இன்னொன்று. ஐரோப்பாவிலிருந்து ஆஸ்திரேலியாவுக்கு வார இறுதி நிகழ்ச்சிக்குப் போகும் டிஜேக்கள் நடுவாரத்தில் சிங்கப்பூரில் இறங்கிப் போவார்கள். சனிக்கிழமை அவர்களை அழைக்க வேண்டுமென்றால் நாங்கள் வீட்டை விற்க வேண்டும். செவ்வாய்க்கிழமையோ, ஓட்டல் அறையும் தேக்காவில் ஒரு பிரியாணியும் வழிச்செலவுக்குக் கொஞ்சம் வெள்ளியும் போதும், சும்மா அறையில் உட்கார்ந்திருப்பதற்கு வாசித்துவிட்டுப் போகிறேன் என்று வந்துவிடுவார்கள். பெரிய இடங்களில் ஒரு மணி நேரம் மட்டும் கேட்கக்கூடிய ஆட்களை எங்கள் பையன்கள் கைக்கெட்டும் தூரத்தில் நின்று மூன்று நான்கு மணி நேரம் பார்த்தார்கள், கேள்வி கேட்டார்கள், சிலர் தங்கள் இசைத்தட்டுப் பெட்டியையே திறந்து காட்டினார்கள்.

பையன்கள் என்றேன் அல்லவா. எங்களிடம் வந்து கற்றுக்கொண்டவர்களில் நான்கைந்து தமிழ்ப் பிள்ளைகள் இருந்தார்கள், அவர்களில் ஒருவனைப் பற்றி மட்டும் சொல்கிறேன். பலதுறைத் தொழிற்கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தான், சின்ன வயதிலிருந்து கோயில் வகுப்பில் மிருதங்கம் கற்றவன். டர்ன்டேபிளில் இரண்டு தட்டுகளின் வேகத்தை ஒன்றாக்குவது பார்க்க எளிது, செய்தால்தான் தெரியும். ஒரு தட்டு வெளியே ஓடிக்கொண்டிருக்கும், அடுத்தது ஒரு காதில் ஹெட்ஃபோனில் மட்டும் கேட்கும், வலப்பக்கம் உள்ள நீள விசையை மயிரிழை மயிரிழையாக ஏற்றி இறக்கி வேகத்தைச் சரிசெய்ய வேண்டும். கூட்டினாலும் குறைத்தாலும் எட்டு விழுக்காட்டுக்குள்தான். மற்றவர்களுக்கு இதில் கை படிய மாதக்கணக்கில் ஆனது. இவனுக்கு வேகம் சீக்கிரமே பிடிபட்டது, அடுத்த பாட்டை எங்கே நுழைப்பது என்பதை இவனுக்கு யாரும் சொல்லித்தரவே வேண்டியிருக்கவில்லை. வலக்கை இசைத்தட்டின் ஓரத்தில் இருக்க, இடக்கை தொடையில் ஆதி தாளம் போட்டுக்கொண்டிருக்கும், தட்டு, சுண்டுவிரல், மோதிரவிரல் என்று எட்டு எண்ணி, அதை நாலு சுற்று விட்டு, ஐந்தாவது சுற்றின் முதல் அடியில் அடுத்த பாட்டை இறக்குவான். டெக்னோ பாட்டுகள் பெரும்பாலும் எட்டு எட்டாகத்தான் கட்டப்பட்டிருக்கும், ஆக அவன் கணக்கு தப்பவே தப்பாது. ஹாலந்திலிருந்து வந்த ஒரு டிஜே அவன் தொடையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, அது என்ன, எனக்கும் காட்டு என்றார். பார் மூடிய பிறகு இருவரும் படியில் உட்கார்ந்து தாளம் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

மும்பை சினிமா வாத்தியக்காரர் சரண்ஜித் சிங் என்பவர் 1982-இல் ராகங்களை டிஸ்கோ தாளத்தில் வாசித்து ஒரு தட்டு போட்டார், ரோலண்ட் நிறுவனத்தின் டிஆர்-808 தாளப் பெட்டியும் டிபி-303 பாஸ் கருவியும் வைத்துக்கொண்டு. அன்று யாரும் சீண்டவில்லை. அதே 303 கருவியை வைத்து சிகாகோவில் ஒரு புது இசையே கிளம்பியது ஐந்து ஆண்டு கழித்து, 1987-இல். அவருடைய தட்டு 2010-இல் மறுபடி வெளியானபோது ஒரு செவ்வாய் இரவு போட்டோம். மால்கவுன்ஸ் என்ற வட இந்திய ராகம் ஓடத் தொடங்கிய இரண்டாவது நிமிடமே, "அண்ணே, இது நம்ம ஹிந்தோளம்ல" என்று பாருக்குப் பக்கத்திலிருந்து கத்தினான் நம் மிருதங்கக்காரன். தமிழ்ப் பிள்ளைக்கு அங்கே என்ன வேலை என்று கேட்டவருக்கு வேறென்ன பதில் சொல்வது.

வாரந்தோறும் என்பதுதான் இதில் முக்கியம், அதைத்தான் வாசகர் கவனிக்கவில்லை என்று நினைக்கிறேன். எப்போதோ ஒரு முறை நடந்தால் தெரிந்த பாட்டை, கூட்டம் கைதட்டும் பாட்டைத்தான் போடத் தோன்றும், ஆபத்தில்லாமல். அடுத்த வாரமும் இதே மேசைதான், இதே முகங்கள்தான் என்றால் துணிச்சல் வருகிறது, இன்று சொதப்பினால் அடுத்த செவ்வாய் இருக்கிறது. லண்டனில் தொண்ணூறுகளின் நடுவில் ஹாக்ஸ்டன் வட்டாரத்தில் புளூ நோட் என்று ஒரு கிளப் இருந்தது. அங்கே ஞாயிறு இரவு கோல்டி என்ற டிஜேயின் ஆட்கள் டிரம் அண்ட் பாஸ் என்ற வேகமான மின்னணு இசை நடத்தினார்கள், திங்கள் இரவு தபலா கலைஞர் தல்வின் சிங் தன் கூட்டத்தைச் சேர்த்தார். இரண்டும் யாருக்கும் வேண்டாத நாட்கள். தல்வின் சிங் 1999-இல் பிரிட்டனின் மெர்குரி இசைப் பரிசு வாங்கினார், ஆனால் அவர் தேய்ந்து தேய்ந்து பழகியது அந்தத் திங்கட்கிழமைகளில். நாங்கள் அந்த உயரத்துக்கெல்லாம் போகவில்லை, அதைச் சொல்லிவிடுகிறேன். ஆனால் வேலை நடக்கும் விதம் அதேதான்.

இப்போது சத்தம். பக்கத்துக் கடைவீட்டின் மேல்மாடியில் ஒரு சீன வட்டாரச் சங்கம் இருந்தது, முதியவர்கள் கூடி மாஜோங் ஆடுவார்கள். நாங்கள் தொடங்கிய சில வாரங்களில் அவர்களில் ஒரு பெரியவர் வந்து முதலாளியிடம் சொன்னார், பாட்டு எதுவும் கேட்கவில்லை, ஆனால் மேசைமேல் அடுக்கிய காய்கள் தானாக நகர்கின்றன என்று. சிரிக்காதீர்கள், அது உண்மையிலேயே அப்படித்தான். பாட்டின் மேல்ஸ்தாயியைச் சுவர் தடுத்துவிடும், அடித்தளத்து ஓசையைத் தடுக்காது. ஐம்பது ஹெர்ட்ஸ் ஒலியின் ஓர் அலையே ஏறக்குறைய ஏழு மீட்டர் நீளம், அதாவது எங்கள் அறையின் அகலத்தைவிட அதிகம். கடைவீடுகளுக்குப் பொதுச்சுவர், மேல்தளம் மரப்பலகை, ஆக அது சுவரிலும் தரையிலும் ஏறி அடுத்த வீட்டுக்குப் போய்விடும். நம் தம்பிகள் அந்த அடித்தளத்து ஓசையை எழுப்பும் பாஸ் பெட்டிகளைப் பொதுச்சுவரிலிருந்து இழுத்து அறையின் பின்பக்கம் வைத்து, அடியில் தடித்த ரப்பர் விரிப்புப் போட்டு, சிம் லிம் டவரில் வாங்கிய ஒரு பழைய ஈக்குவலைசரில் அடிமட்ட ஓசையை வெட்டி, ஒருவன் அங்கே மாஜோங் மேசையருகே நின்று கைப்பேசியில் "இன்னும் கொஞ்சம் குறை, இன்னும் கொஞ்சம்" என்று சொல்லச் சொல்லச் சரிசெய்தார்கள். சீனப் புத்தாண்டுக்கு அந்தப் பெரியவர் எங்களுக்கு ஆரஞ்சு கொடுத்தனுப்பினார். அந்த வேலையைச் செய்த தம்பிகளில் இருவர் இன்று ஒலியமைப்பையே தொழிலாக வைத்திருக்கிறார்கள், நீங்கள் போகும் கல்யாணத்திலும் கோயில் விழாவிலும் மைக் கீச்சிடாமல் இருந்தால் அது அவர்களாகக்கூட இருக்கலாம்.

பெற்றோரைப் பற்றியும் வாசகர் எழுதியிருந்தார். ஒரு தகப்பனாரைச் சொல்கிறேன். நள்ளிரவுக்கு எம்ஆர்டி நின்றுவிடும், நைட்ரைடர் பேருந்து அப்போது வெள்ளி, சனி மற்றும் விடுமுறைக்கு முந்திய இரவுகளில் மட்டும்தான் ஓடும், டாக்சி என்றால் நள்ளிரவுக்குமேல் பாதிக் கட்டணம் கூடுதல். ஒரு பையனின் அப்பா டாக்சி ஓட்டுபவர், மகனை ஏற்றிக்கொண்டு போகக் கீழே வந்து நிற்பார். ஒரு நாள் மழை, மேலே வாங்க அண்ணே என்று வலுக்கட்டாயமாக அழைத்து வந்தோம். ஐஸ் போட்ட மைலோ பெங் ஒன்று கையில் கொடுத்தோம் (பார் பையன் எங்கிருந்து கொண்டுவந்தானோ தெரியாது). ஓரமாக நின்று அரைமணி நேரம் கேட்டார். பிறகு மகனைக் கூப்பிட்டு, "ஏன்டா, இதுல பாட்டு எப்ப வரும்?" என்றார்.

"இதுதான்ப்பா பாட்டு."

"சரி சரி."

அவர் திட்டவில்லை. அந்தப் பக்கம் பாஸ் பெட்டிமேல் கையை வைத்துப் பார்த்துவிட்டு, தான் பையனாக இருந்தபோது தைப்பூசத்துக்கு உறுமி வாசித்ததையும், 1973-இல் ஊர்வலத்தில் மேளம் கூடாது என்று தடை வந்ததையும் சொல்லத் தொடங்கினார். தடைக்குக் காரணம் இருந்தது, குழுக்களுக்குள் கைகலப்பு, அதையும் அவரே சொன்னார். ஆனாலும் மேளத்தை மூட்டை கட்டிய வருத்தம் அவர் பேச்சில் இருந்தது. 2016-இல் ஊர்வலப் பாதையில் குறிப்பிட்ட சில இடங்களில் நேரடி இசைக்கு மறுபடி அனுமதி வந்தபோது எனக்கு அவர் நினைவுதான் வந்தது. நெருக்கமாக வாழும் ஊரில் சத்தம் எழுப்ப வேண்டுமென்றால் எங்கே, எப்போது, எவ்வளவு என்று எப்போதும் பேசித்தான் ஆக வேண்டும், அதில் உறுமிக்கும் டெக்னோவுக்கும் வித்தியாசம் எனக்குத் தெரியவில்லை.

குடி இருந்ததா? இருந்தது, மதுக்கூடத்தில் இல்லாமலா. பதினெட்டு வயது ஆகாதவரை உள்ளே விடவில்லை, அடையாள அட்டை இல்லாமல் வந்தவர் எவ்வளவு கெஞ்சினாலும் படியிலிருந்தே திருப்பி அனுப்பினோம். போதைப்பொருள் என்றால் இந்த ஊர்ச் சட்டம் எப்படி என்று எல்லாருக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும். போலிஸ் சோதனைக்கு வந்தார்கள், விளக்கைப் போட்டார்கள், அட்டைகளைப் பார்த்தார்கள், போனார்கள். ஆட வந்தவர்கள் குடிப்பது குறைவு என்பதுதான் முதலாளியின் நிரந்தரப் புலம்பல், உங்கள் ஆட்கள் தண்ணீரையே குடிக்கிறார்கள் என்பார். வாசலில் நாங்கள் நிறுத்தியிருந்தது தடியர்களை அல்ல, பகலில் பாலர் பள்ளியில் வேலை செய்த ஓர் அக்காவை. ஒரு முறை ஒருவன் ஒரு பெண்ணைச் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தான். அக்கா போய் அவன் தோளைத் தட்டி, "தம்பி, அந்தப் பொண்ணு வேணாம்னு சொல்லிட்டா. கீழ போய் ஒரு தே-ஓ குடிச்சுட்டு அப்படியே வீட்டுக்குப் போயிரு, அடுத்த வாரம் வா" என்றார். போனான். அடுத்த வாரம் வரவும் செய்தான், ஒழுங்காக ஆடிவிட்டுப் போனான். வாராவாரம் பார்க்கும் முகமாக இருந்ததால் அக்காவின் பேச்சு எடுபட்டது. முகம் தெரியாத இரண்டாயிரம் பேர் கூட்டத்தில் அக்கா மட்டுமல்ல, யார் சொன்னாலும் எடுபடாது.

எங்கள் இரவு முடிந்ததற்குப் பெரிய கதை ஒன்றும் கிடையாது. கட்டடம் கைமாறியது, வாடகை ஏறியது, முதலாளி சாவியைக் கொடுத்துவிட்டுப் போனார். அதன் பிறகு ஊரும் மாறியது. 2015 ஏப்ரல் முதல் இரவு 10.30 மணிக்குமேல் பொது இடத்தில் குடிக்கக்கூடாது என்ற சட்டம் வந்து, கிளார்க் கீயின் ரீட் பாலத்தில் உட்கார்ந்து மலிவாகக் குடித்துவிட்டு உள்ளே வரும் கூட்டம் கலைந்தது (இதில் எனக்கு வருத்தமில்லை). 2016 டிசம்பரில் ஸூக்கே ஜியாக் கிம் ஸ்திரீட்டின் பழைய கிடங்குகளை விட்டு கிளார்க் கீக்குப் போனது. பிறகு கொவிட். 2020 மார்ச் 26 இரவோடு மூடப்பட்ட கேளிக்கைக் கூடங்கள் 2022 ஏப்ரல் 19 அன்றுதான் மறுபடி முழுதாகத் திறந்தன. பெரிய இடங்கள் எப்படியோ தாக்குப்பிடித்தன. சின்ன அறைகளில் சில திறக்கவே இல்லை. திறந்தவற்றிலும் வார நாட்களில் ஆளில்லாத இரவை ஒரு கிறுக்கனுக்குக் கொடுத்துப் பார்ப்போம் என்று சொல்லும் முதலாளி இந்த வாடகையில் எங்கே இருக்கப்போகிறார்.

தேசிய விளையாட்டரங்கைக் குறை சொல்லவில்லை. 2024-இல் கோல்ட்பிளே ஆறு இரவு, டெய்லர் ஸ்விஃப்ட் ஆறு இரவு, ஊருக்கு நல்ல வருமானம், என் மகளும் போய்வந்தாள், தொண்டை கட்டி இரண்டு நாள் பேசவில்லை. ஆனால் அங்கே அவள் மிக்சரைத் தொட முடியுமா? இடையில் ஒரு பாட்டைத் தப்பாக இறக்கி, ஐம்பது பேர் திரும்பிப் பார்க்க, நாக்கைக் கடித்துக்கொண்டு அடுத்த வாரம் சரியாகச் செய்ய முடியுமா? சீட்டு வாங்கிப் பார்க்கத்தான் முடியும். இப்போது கருவிகளில் சின்க் பொத்தான் வந்துவிட்டது, வேகம் தானாகவே பொருந்திவிடும், வீட்டில் மடிக்கணினியிலேயே கற்றுக்கொள்ளலாம் என்பார்கள். கற்றுக்கொள்ளலாம்தான். எதிரே நிற்கும் ஆள் எப்போது களைத்திருக்கிறான், எப்போது பாட்டை மாற்றினால் பாருக்குப் போய்விடுவான் என்பதைப் படுக்கையறையில் உட்கார்ந்து எப்படிக் கற்றுக்கொள்வது.

நம் சமூகத்திலும் ஒன்று சொல்ல வேண்டும். தமிழ்க் கலை என்று பட்டியல் போட்டால் பரதம், நாடகம், பட்டிமன்றம், மெல்லிசை வரை வருவோம், அங்கே நின்றுவிடுவோம். சிங்கப்பூர்த் தமிழர்களின் இலக்கியம், நாடகம், நடனம், இசை ஆகியவற்றை மின்மரபுடைமைத் திட்டத்தில் சேர்த்துப் பாதுகாத்தார்கள், அருமையான வேலை. மேல்மாடி அறைகளில் வாசித்த நம் பிள்ளைகளின் ஒலிப்பதிவுகள் இன்னும் யார் யார் வீட்டு அலமாரியிலோ கிடக்கின்றன. இந்த ஊர் ஈரப்பதத்தில் தட்டுகளின் அட்டை உறைகளில் பூஞ்சை பிடிக்கப் பத்து வருடம்கூட வேண்டாம், என்னுடையவற்றில் பாதி ஏற்கெனவே பிடித்துவிட்டது. மினிடிஸ்க் என்ற சின்ன வட்டில் பதிந்தவற்றைப் போட்டுக் கேட்கும் கருவி வைத்திருப்பவரும் குறைந்து வருகிறார்கள். இதையெல்லாம் யாராவது கேட்டு வாங்கிச் சேர்த்தால் என்னிடம் இருப்பதை நாளைக்கே தருகிறேன்.

மற்றபடி, ஆர்ச்சர்ட் சாலைப் பக்கம் ஸ்கேப் என்ற இளையர் மையம் இருக்கிறது, சில சமூக மன்றங்களில் இசைப் பயிற்சி அறைகள் இருக்கின்றன. இந்திய இளையர் குழுக்கள் அங்கே மாதம் ஒரு முறையோ ஆண்டுக்கு ஒரு முறையோ விழா எடுப்பதற்குப் பதில், வாரம் ஒரு மாலை, மது இல்லாமலே இருக்கட்டும், பத்து மணிக்கே முடியட்டும், ஒரே நாள், ஒரே நேரம் என்று விடாமல் நடத்திப் பார்க்கலாம். முதல் இரண்டு மாதம் ஏழு பேர்தான் வருவார்கள், அதற்காக நிறுத்திவிடக்கூடாது. உங்கள் பத்திரிகையின் இளையர் பக்கத்தில் அந்த நாளையும் நேரத்தையும் வாராவாரம் இரண்டு வரி போட்டால் பெரிய உதவி.

எங்கள் பழைய பாஸ் பெட்டிகள் இரண்டும் ஒரு நண்பரின் கிடங்கில் சும்மா கிடக்கின்றன, ஒலிபெருக்கி மாற்றியது, நன்றாகவே வேலை செய்கின்றன. அப்படி நடத்த யாராவது முன்வந்தால் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம். ஒவ்வொன்றையும் தூக்க நாலு பேர் வேண்டும், கிடங்கில் லிஃப்ட் கிடையாது, லாரியையும் நீங்கள்தான் கொண்டுவர வேண்டும்.

இப்படிக்கு,
யீஷூன் வாசகர் ஒருவர்